ஒப்பமிட்ட தாளும் ஓர் அரசியும்: பெப்பர் லபேஜாவின் வாழ்வு

2015-ல், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிராஸ்பெக்ட் பூங்காவில் ஓர் ஆவணப்படத்தைத் திறந்த வெளியில் கட்டணமின்றித் திரையிடப்போவதாக அறிவிப்பு வந்தது. 'பாரிஸ் இஸ் பர்னிங்' என்ற அப்படம் வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடும் நிகழ்வு அது. இயக்குநரின் பெயர் அறிவிப்பில் இருந்தது. இசை வழங்குபவரின் பெயர் இருந்தது. ஆனால், எவருடைய நடையையும் உடையையும் பேச்சையும் கொண்டு அப்படம் உருவாயிற்றோ, அந்தக் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பால்ரூம் சமூகத்தாருக்கு அந்த மேடையில் இடம் ஒதுக்கப்படவில்லை. எதிர்ப்பு உடனே எழுந்தது. நிகழ்வை நிறுத்துக, இல்லையேல் நிகழ்ச்சி நிரலை மாற்றுக என்று கோரிய மனுவில் பலர் ஒப்பமிட்டனர்.

அந்த அறிவிப்பு வந்தபோது, படத்தின் தொடக்கக் காட்சிகளில் பொன்னாய் மின்னும் உடையும் காற்றில் உப்பிய கைகளுமாக அரங்கத்துள் நுழைகின்ற பெப்பர் லபேஜா இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடிருந்திருந்தால் அவருக்கு அழைப்பு போயிருக்குமா என்ற கேள்விக்கு அறிவிப்பே விடை சொல்லிவிட்டது. இக்கட்டுரை அவருடைய வாழ்வைப் பற்றியது. அந்த வாழ்வைப் படமாக்குவதற்கு முன் அவரிடம் நீட்டப்பட்ட ஒரு தாளைப் பற்றியதும்கூட.

சட்டக் கல்லூரி மாணவர்களாக இப்படத்தை நாம் முதன்முறை பார்த்தபோது, ஒளியிலும் ஆட்டத்திலும் மயங்கிப் போனோம். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட பின் மீண்டும் பார்த்தபோது கண் வேறோர் இடத்தில் சென்று நின்றது. இத்தனை பேர், இவ்வளவு அந்தரங்கமாக, யாரிடம் பேசுகிறார்கள்? பேசுவதற்கு முன் எதில் கையொப்பமிட்டார்கள்? அதில் என்ன எழுதியிருந்தது?

பெப்பர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1940களின் இறுதியில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆண் என்று பதிவு செய்யப்பட்டு வளர்ந்தார். ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் ஆண்பாலில் எழுதுவதா பெண்பாலில் எழுதுவதா என்று திண்டாடியிருக்கிறார்கள். 'அவர்' என்ற ஒரு சொல் நமக்கு அந்தச் சங்கடத்தைத் தரவில்லை. தமிழின் இந்தக் கொடையை நாம் போதுமான அளவு பாராட்டுவதில்லை. பெப்பர் மார்பகங்களை வளர்த்துக்கொண்டார். ஆனால் பால்மாற்று அறுவைச் சிகிச்சையை ஒருபோதும் நாடவில்லை என்றும், பெண்ணுடல் பெற்றுவிட்டால் வாழ்வு சிறந்துவிடும் என்று இளையோர் நம்பிவிடக் கூடாது என்றும் படத்தில் சொல்கிறார். பெண்களை இச்சமூகம் எப்படி நடத்துகிறது என்பதை அவர் பார்த்திருந்தார். இது அவருடைய கருத்து. அறுவைச் சிகிச்சையைத் தம் விடுதலையாகக் கண்ட அவருடைய தோழியர் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களும் அதே படத்தில் இருக்கிறார்கள்.

அவருடைய தாய் அவரை ஏற்றுக்கொண்டதும் ஏற்றுக்கொள்ளாததும் ஒருசேர நடந்தது. பெண்ணுடை தரித்து அவர் தம் முன் நிற்பதைத் தாயால் பொறுக்க முடியவில்லை. ஒருமுறை மகனிடம் விலையுயர்ந்த மென்மயிர் மேலங்கி ஒன்றைக் கண்டெடுத்த தாய், அதை வீட்டின் பின்புறம் கொண்டுபோய் எரித்துவிட்டார். எரிவதைப் பார்த்துக் குழந்தையைப் போல் அழுததாக, பல ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய சிரித்தபடியே பெப்பர் அதைச் சொல்கிறார். பெற்ற தாய் எரித்த உடையைப் பற்றிப் பேசுகின்ற அதே மனிதர், அப்போது எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அது எவ்வகைத் தாய்மை என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ட்ராக் என்பது, பிறப்பில் தமக்கு விதிக்கப்பட்ட பாலுக்குரியதல்லாத உடையும் ஒப்பனையும் தரித்து மேடையேறும் கலை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹாமில்டன் லாட்ஜ் என்ற கறுப்பினச் சகோதரத்துவச் சங்கம் 1869 முதல் முகமூடி நடனவிழா நடத்திவந்தது. 1920களிலும் 30களிலும் அது ட்ராக் கலைஞர்களின் பெருவிழாவாகி, ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. கூட்டம் கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்த கூட்டம்தான். பரிசு யாருக்கு என்று வரும்போது நிறம் பேசியது. பிற்காலத்து அழகுப் போட்டிகளிலும் கறுப்பினப் போட்டியாளர்கள் தம் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டு மேடையேற வேண்டிய நிலை இருந்தது.

1967-ல் நியூயார்க் டவுன் ஹாலில் நாடு தழுவிய ட்ராக் அழகுப் போட்டி ஒன்று நடந்தது. மகுடம் ஹார்லோ என்ற வெள்ளையருக்குச் சென்றது. கிறிஸ்டல் லபேஜா என்ற கறுப்பினப் போட்டியாளர் மேடையை விட்டு வெளியேறினார். 'த குயின்' என்ற பெயரில் 1968-ல் வெளிவந்த ஆவணப்படத்துக்காக அங்கே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேமராவின் முன்னேயே கிறிஸ்டல் வெடித்தார். தன் நிறத்தைக் காட்டத் தனக்கு உரிமையுண்டு என்றார்; தான் அழகி என்பது தனக்குத் தெரியும் என்றார்; போட்டியை நடத்தியவர் தன் பெயரை வைத்துப் பணம் பார்க்க விடமாட்டேன் என்றும், வழக்குத் தொடுப்பேன் என்றும் எச்சரித்தார். பலர் இக்காட்சியை இன்று ஒரு வேடிக்கையான கோபமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்கு அது ஒரு சட்ட வாதமாகக் கேட்கிறது. பெயருக்கும் உருவத்துக்கும் உரியவர் யார், அவற்றால் வரும் பணம் யாருக்கு என்ற கேள்வியை, ஒரு கறுப்பின ட்ராக் கலைஞர், தம்மைப் படமெடுத்துக்கொண்டிருந்த கேமராவிடமே 1967-ல் கேட்டார்.

கிறிஸ்டல் கோபத்தோடு நிற்கவில்லை. வெள்ளையர் நடத்தும் போட்டிகளைக் கைவிட்டு, லாட்டி என்ற தோழியோடு சேர்ந்து, கறுப்பினத்தவர் தமக்குத் தாமே நடத்தும் பால் நிகழ்வை 1970களின் தொடக்கத்தில் ஹார்லெமில் அறிவித்தார். நடத்தும் அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. லபேஜா இல்லம் என்று பெயரிட்டார்கள். இல்லத்துக்கு ஒரு தாய் வேண்டும். கிறிஸ்டலே முதல் தாயானார். பால்ரூம் உலகின் இல்ல அமைப்பு அங்கே தொடங்குகிறது. பின்னர் கோரி, டுப்ரீ, பெண்டேவிஸ் என்று இல்லங்கள் எழுந்தன. 1982-ல் லத்தீன் அமெரிக்கரின் எக்ஸ்ட்ராவகன்சா இல்லம் வந்தது. தேர்வு மேடையில் நீதி கிடைக்காதபோது மேடையையே புதிதாகக் கட்டிக்கொண்ட வரலாறு இது. கிறிஸ்டலுக்குப் பின் லபேஜா இல்லத்தின் தாயாக அமர்ந்தவர் பெப்பர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நம் நாட்டுத் திருநங்கையரின் ஜமாத்தில் தாய், மகள் உறவை அறிந்தவர்களுக்கு இது அறிமுகமான ஒன்றாகத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல, ஆனால், பெற்ற வீடு வாசலை அடைத்த பின் எழுந்த வீடுகள் என்பது இரண்டுக்கும் பொது. குடும்பம் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லமே குடும்பம் என்று பெப்பர் விளக்குகிறார். பட்டினியோடு பாலுக்கு வருகிற பிள்ளைகள், இளையோருக்கான புகலிடத்திலோ ஆற்றோரத்து படகுத்துறையிலோ படுத்துறங்கும் பிள்ளைகள், திரும்பிச் செல்ல வீடில்லாத பிள்ளைகள் ஆகியோரைப் பற்றிப் படத்தில் அவர் பேசும் பகுதி, ஆடம்பர உடைகளுக்கு நடுவே ஒரு சமூக அறிக்கையைப் போல் நிற்கிறது. அவர்கள் எதையாவது திருடியேனும் உடுத்திக்கொண்டு அந்த ஓர் இரவை வாழ வருகிறார்கள் என்கிறார். கண்டிக்கவில்லை, கொண்டாடவுமில்லை. தாய் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற தொனி அது.

மேடையிலோ அவர் வேறொருவர். எகிப்திய அரசியரின் பாணியில் அமைந்த வருகைகளுக்காக அவர் பெயர் பெற்றிருந்தார். பெரும்பரிசுகளைத் தம்மளவுக்கு வென்றவர் வேறில்லை என்று சற்றும் கூச்சமின்றிச் சொல்லிக்கொண்டார். பால் என்பது பல பிரிவுகளில் நடக்கும் போட்டி. ஆடம்பர உடைக்கென்று பிரிவு உண்டு. நிறுவன அதிகாரி, படைவீரர், கல்லூரி மாணவர் ஆகியோரைப் போலவே தோன்றி நடந்து காட்டுவதற்கும் பிரிவு உண்டு. பின்னதை ரியல்னெஸ் என்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபடி நடப்பதே அதில் வெற்றி. அரங்கில் அது ஆட்டம். விடியற்காலையில் சுரங்க ரயிலேறி, அடிபடாமல் வீடு போய்ச் சேர்வதற்கும் அதே திறன் வேண்டியிருந்தது.

தெருவில் அவர்கள் அஞ்சியது ரௌடிகளை மட்டுமல்ல. வாடகை வசூலை எதிர்த்து மாறுவேடத்தில் போராடிய விவசாயிகளை ஒடுக்க 1845-ல் நியூயார்க் மாநிலம் முகமறைப்புத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விவசாயிகளின் போராட்டம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அது மாற்றுடை தரித்தவர்களைக் கைது செய்யும் கருவியாயிற்று. 1976-ல் பாலியல் தொழில் நோக்கத்துடன் தெருவில் நிற்பதைக் குற்றமாக்கிய மற்றொரு சட்டம் வந்தது; உடையையும் நடையையும் பார்த்தே காவலர் நோக்கத்தை ஊகித்துக்கொண்டனர். கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் திருநங்கையரே அதற்குப் பெரிதும் இரையாயினர். முன்னது 2020-லும் பின்னது 2021-லும்தான் நீக்கப்பட்டன. பெப்பரின் பிறப்பும் இறப்பும் முதற் சட்டத்தின் கீழ் நிகழ்ந்தன. நியூயார்க் என்றால் சுதந்திரம் என்று எண்ணுகிற நம் மாணவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

1985-ல் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் வோகிங் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களை ஜென்னி லிவிங்ஸ்டன் சந்தித்தார். வெள்ளையர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், புகைப்படக் கலையில் ஈடுபாடுடையவர், தாமும் குயர் அடையாளம் உடையவர். அவ்விளைஞர்கள் வழியே பால்களுக்குச் சென்றார். ஹார்லெமிலுள்ள எல்க்ஸ் சங்கக் கூடத்தில் நடந்த பால்களைப் படமாக்கினார். பாரிஸ் டுப்ரீ நடத்திய பால் ஒன்றின் பெயரே படத்தின் பெயராயிற்று. டோரியன் கோரி, வில்லி நிஞ்சா, வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சா, பெப்பர் ஆகியோர் மனந்திறந்து பேசினார்கள். படப்பிடிப்பு 1980களின் பிற்பகுதி முழுவதும் நீண்டது. அது எய்ட்ஸ் காலம். அக்காலத்துக்கு உள்ளேயே, 1988-ல், வீனஸ் ஒரு விடுதியில் கொலை செய்யப்பட்டார்.

படமெடுக்க வந்தவர் தாள்களும் கொண்டுவந்தார். தம் உருவத்தையும் சொற்களையும் பயன்படுத்த இசைவு தெரிவிக்கும் தாள்கள். அவற்றைத் தாங்கள் வாசிக்கவில்லை என்று 1993-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சார்பில் பேசியவரிடம் பெப்பர் சொன்னார். ஏன் வாசிக்கவில்லை? படம்பிடிக்கப்படுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது; படம்பிடிக்கப்பட விரும்பினார்கள். படம் வெளிவந்ததும் நிலைமை நன்றாகிவிடும் என்ற நம்பிக்கை தமக்கு ஊட்டப்பட்டதாகவும் அவர் சொன்னார். ஒரு கார் வாங்கலாம், நல்ல வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்று எண்ணியிருந்தார். திரையில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: பெப்பருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர்.

இந்தத் தாளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு மாவு நிறுவனம் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேளாமலேயே விளம்பரத்தில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1902-ல் நியூயார்க் உயர்நிலை நீதிமன்றம், அப்படியோர் உரிமையே சட்டத்தில் இல்லை என்று தள்ளிவிட்டது. மக்கள் கொதித்ததால் 1903-ல் சட்டமன்றம் புதிய சட்டம் செய்தது: வணிக நோக்கத்துக்காக ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ பயன்படுத்த எழுத்து மூலமான இசைவு வேண்டும். பாதுகாப்புத்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு கையொப்பத்தில் அடங்கிவிடுகிறது. ஒப்பமிட்டவர் வாசித்தாரா என்று ஒப்பந்தச் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. வாசிக்காதது அவர் குற்றம். ஒப்பமிடும் இரு தரப்பும் ஒரே உயரத்தில் நிற்பதாகச் சட்டம் பாவனை செய்துகொள்கிறது. நிரப்பப்படாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டு நம்மிடம் வந்து நிற்கிற மனிதர்களைத் தினமும் பார்க்கிற நாம், இந்தப் பாவனையின் விலையை அறிவோம்.

படம் 1990-ல் டொரன்டோ விழாவில் காட்டப்பட்டது. 1991-ல் சன்டான்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டது. அவ்வாண்டே மிராமாக்ஸ் நிறுவனம் அதை நாடெங்கும் திரையிட்டது. ஏறக்குறைய 5 லட்சம் டாலரில் தயாரான படம், ஏறக்குறைய 38 லட்சம் டாலர் வசூலித்தது. வசூல் என்பது இலாபமன்று. திரையரங்கின் பங்கு, விநியோகரின் பங்கு, கடன் எல்லாம் கழிய வேண்டும். தாம் செல்வம் சேர்க்கவில்லை என்று இயக்குநர் மறுத்ததைப் பொய்யென்று சொல்ல நம்மிடம் காரணமில்லை.

ஆயினும் ஒரு செலவைப் பற்றி மட்டும் நின்று யோசிக்க வேண்டும். பால் நடக்கும்போது பின்னணியில் ஒலித்த இசைத்தட்டுகளுக்கு உரிமம் பெறப் பெருந்தொகை போயிற்று. அதைக் கொடுக்காமல் படத்தை வெளியிடவே முடியாது. இசைத்தட்டின் உரிமையாளர் அந்த அரங்குக்கு வரவுமில்லை, எந்த அபாயத்தையும் ஏற்கவுமில்லை; ஆனால் அவருக்கு ஒரு பதிப்புரிமைச் சட்டமும் அதைக் காக்கும் வழக்கறிஞரும் இருந்தனர். அந்த இசைக்கு நடந்தவருக்கு இரண்டும் இல்லை. நடையையும் வருகையையும் பாணியையும் தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் உருவாக்கியிருந்தால், அது பண்பாடு. ஒரு நிறுவனம் பதிவு செய்திருந்தால், அது சொத்து. ஒரே காட்சிக்குள் இவ்விரண்டும் ஒலியும் ஒளியுமாக இருந்தன. ஒலிக்கு முன்பணம் தரப்பட்டது.

படத்தில் தோன்றியவர்களில் பலர் தம் பங்கைக் கேட்டனர். பாரிஸ் டுப்ரீ கோரியது 4 கோடி டாலர். தம்மை ஏமாற்றி, அனுமதியின்றிப் பயன்படுத்திக்கொண்டதாக வாதம். அவர்களுடைய வழக்கறிஞர்கள் தாள்களைப் பார்த்தனர். எல்லாரும் ஒப்பமிட்டிருந்தனர். அத்துடன் வழக்குகள் கைவிடப்பட்டன. தயாரிப்பாளர் தரப்பு, திரையில் தோன்றிய நேரத்தைக் கணக்கிட்டு, 13 பேருக்கு ஏறக்குறைய 55,000 டாலரைப் பகிர்ந்தளித்தது. சராசரியாகத் தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம். வசூலில் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஆவணப்படத்தில் பேசுகிறவருக்குப் பணம் தருவது அக்கால மரபில் இல்லை என்பதையும், தந்தால் அவர் சொல்லும் உண்மை கறைபடும் என்று கருதினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உண்மை கறைபடாமல் காக்கும் பொறுப்பு எப்போதும் ஏழையின் தலையிலேயே வைக்கப்படுவது ஏன் என்று அந்த மரபு விளக்கியதில்லை.

பெப்பர் படத்தை வெறுக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநீதி. படம் அவருக்குப் பிடித்திருந்தது, பலமுறை பார்த்தார். தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. அவர்கள் எல்லாரும் பணக்காரர் ஆனார்கள், எங்களுக்கு ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கின் சாரம். கணக்கின் முற்பாதி மிகையாக இருக்கலாம். பிற்பாதியில் பெரிய பிழை இல்லை.

அறிவுலகமும் படத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது. பெல் ஹூக்ஸ், வெள்ளையரான இயக்குநர் தம் பார்வையை மறைத்துக்கொண்டு கறுப்பர் வாழ்வை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்றும், பால்களில் போற்றப்படும் பெண்மை ஆளும் வெள்ளை வர்க்கத்தின் பெண்மையே என்றும் சாடினார். ஜூடித் பட்லர் அதற்கு மறுமொழியாக ஓர் அத்தியாயம் எழுதினார். நம் வகுப்பறைகளில் பட்லரைப் படிக்கிறவர்கள் வீனஸைப் பெயரளவில் அறிவார்கள். ஹூக்ஸின் முதற் குற்றச்சாட்டை ஏற்கிறோம். இரண்டாவதில் நமக்கு உடன்பாடில்லை. நிறுவன அதிகாரியின் உடையணிந்து நடந்தவர் அந்த அதிகாரியை வணங்கவில்லை. அந்த நாற்காலியில் அமரத் தனக்குத் தகுதி குறைவில்லை, கதவுதான் மூடியிருக்கிறது என்பதை நடந்தே நிறுவினார்.

1990-ல் மடோனாவின் 'வோக்' பாடல் உலகெங்கும் ஒலித்தது. எக்ஸ்ட்ராவகன்சா இல்லத்தின் இரு இளைஞர்கள் அவருடன் ஆடினர். வேறு சிலருக்கும் சிறு கதவுகள் திறந்தன. வில்லி நிஞ்சா நடனப் பயிற்சியாளராகப் பெயர் பெற்றார். பெப்பருக்குத் திறந்த கதவு எதுவும் நிலைக்கவில்லை. 1993-ல் ஆஞ்சி எக்ஸ்ட்ராவகன்சாவும் டோரியன் கோரியும் எய்ட்ஸ் சார்ந்த நோயால் இறந்தனர். 1995-ல் ஏவிஸ் பெண்டேவிஸ் போனார். ஹார்லெம் பால்களின் பேரரசியராகப் போற்றப்பட்ட அந்த நால்வரில் பெப்பர் மட்டும் எஞ்சினார்.

எஞ்சியவரை நீரிழிவு தின்றது. இரு பாதங்களும் வெட்டி அகற்றப்பட்டன. வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். நடந்து நுழைவதையே தம் கலையாகக் கொண்டிருந்த ஒருவருக்கு நேர்ந்த இதை அலங்கரித்து எழுத நமக்கு மனமில்லை. நீரிழிவும் அதனால் உறுப்பு இழப்பதும் அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கே மிகுதி. வறுமையும் மருத்துவக் காப்பீடின்மையும் காலந்தாழ்ந்த சிகிச்சையும் அதன் காரணங்களில் அடங்கும். பால் உலகம் அவரை மறக்கவில்லை. பால்ரூம் பற்றிப் பின்னர் 2006-ல் வெளிவந்த 'ஹவ் டூ ஐ லுக்' என்ற ஆவணப்படத்திலும் அவர் தோன்றுகிறார்.

2003 மே 14 அன்று, மன்ஹாட்டனில், மாரடைப்பால் அவர் இறந்தார். பத்தாண்டுகளுக்கு முன் அவர் குறையை அச்சிட்ட அதே நாளிதழ், இப்போது அவருடைய மறைவுச் செய்தியை, ஹார்லெம் பால்களின் அரசி என்று குறிப்பிட்டு வெளியிட்டது. பிராங்ஸில் பிறந்த ஏழைக் கறுப்பர் எவருக்கும் எளிதில் கிடைக்காத பத்திகள் அவை.

புரூக்ளின் பூங்காவுக்குத் திரும்புவோம். மனுவும் கண்டனமும் வலுத்ததால் இசை வழங்க இருந்தவர் விலகிக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் பிழையை ஒப்புக்கொண்டு, பால்ரூம் சமூகத்தாரைக் கலந்து, நிகழ்ச்சி நிரலை மாற்றினர். 1967-ல் கிறிஸ்டல் தனியொருவராய்க் கேட்டதை 2015-ல் ஒரு சமூகம் சேர்ந்து கேட்டது. கேட்டவர்களில் பலர், இப்படம் வெளிவந்தபோது பிறந்திராதவர்கள். கேட்டது பணம் மட்டுமல்ல. யார் அழைக்கிறார், யார் பேசுகிறார், கூட்டத்தின் முன் யார் நிற்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. ஒப்பமிட்ட தாளில் அதற்கென்று எந்த வரியும் இருந்ததில்லை. ஆகவே எந்த நீதிமன்றமும் அதைத் தந்திருக்காது. போராடித்தான் பெற்றார்கள்.

2016-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'பாரிஸ் இஸ் பர்னிங்' படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2019-ல் செப்பனிடப்பட்ட படி மீண்டும் திரையரங்குக்கு வந்தது. லபேஜா இல்லம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்டலுக்கும் பெப்பருக்கும் பின் வேறு தாய்மார் வந்திருக்கிறார்கள். அப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு இளையோர் இன்றும் பால்களில் நடக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டுவிழாத் திரையிடலிலும் விளக்கணைந்த சற்று நேரத்தில் பெப்பர் பொன்னுடையில் உள்ளே வருகிறார்.